விளக்கணைந்த ஒரு மணி நேரம்

எட்டாவது நாளும் அது செத்துக் கிடந்தது.

மதியம் ஒன்றரை மணிக்கு ஆலையின் விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் எரிந்ததும் மடக்குக் கட்டிலை விட்டு எழுந்தேன். கண்ணைக்கூடக் கசக்காமல் நேராகக் கணினிப் பெட்டியிடம் போனேன். மவுஸை அசைத்தேன். திரையில் அம்பு அசையவில்லை. வேகமாக அசைத்தால் பயந்துபோய் நகரும் என்பதுபோல் இன்னும் வேகமாக அசைத்தேன். கடைசியில் மேசைக் காலை ஓங்கி ஓர் உதை விட்டேன். வலித்தது எனக்குத்தான்.

"மேசை என்ன தம்பி பண்ணுச்சு உன்னை?" என்றார் ஆச்சின் அக்கா.

கேக் வரிசைக்கு அவர்தான் தலைவி. அன்னாசிக் கேக்கோடு முப்பது வருடம் மாரடித்தவர். தலைமுடி வலையைச் சரிசெய்துகொண்டே வந்து, பெட்டியின் உச்சியில் இருந்த பச்சை நிறத் தேங்காய் நொறுக்குப் பொட்டலத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இயந்திரம் அடம் பிடிக்காமல் இருக்க எங்கள் ஊரில் எல்லோரும் வைப்பதுதான். பச்சையாக இருக்க வேண்டும், பிரிக்கக் கூடாது, தேதி முடிந்திருக்கக் கூடாது. நான்கு வருடம் பொறியியல் படித்த நான்தான் கடைக்குப் போய் அதை வாங்கி வந்து வைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வைக்காமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பழி வேறு என் தலையில் விழும்.

"தேதி டிசம்பர் வரைக்கும் இருக்கு" என்றார் அக்கா. "அதனால பொட்டலத்து மேல தப்பில்ல. தப்பு உங்க மேலதான்."

"எங்க மேல இல்லக்கா. எங்க ஆபீஸ்ல ஒருத்தி மேல."

"யாரு மேலயோ. என் பொண்ணுங்க நாலு பேரு இப்ப மறுபடி கண்ணால பாத்துப் பொறுக்கணும். கேக் எல்லாம் விக்கிற நிலா விழாவுக்கு மூணு வாரம்கூட இல்ல." பொட்டலத்தை நெற்றிக்கு நேராக ஒருமுறை தூக்கிவிட்டுத் திரும்ப வைத்தார். "கேமரா போட்டா கண்ணுக்கு ஓய்வுன்னு சொன்ன வாய் இதுதானே?"

அந்த வாய் என் வாய்தான்.

எங்கள் வேலை கேட்பதற்கு எளிது. அடுப்பிலிருந்து கேக்குகள் பட்டையில் ஊர்ந்து வரும். பட்டைக்கு மேலே நான்கு வெப்கேமராக்கள். ஒவ்வொரு கணமும் வந்து விழும் படத்தை எங்கள் நிரல் பார்த்து, ஓரம் கருகியதையும் விரிசல் விட்டதையும் கண்டுபிடித்தால், பக்கத்துக் குழாயிலிருந்து 'புஸ்' என்று காற்று அடித்து அந்தக் கேக்கைக் கூடையில் தள்ளும். ஆலையின் முதலாளி துவான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை, ஒரு முழு நாள், யாரும் கை வைக்காமல் இது ஓட வேண்டும். இதுவரை ஒரு நாள்கூட ஓடவில்லை.

நோய் என்னவென்று தெரியும். நினைவகக் கசிவு. ஒவ்வொரு படத்துக்கும் நிரல் கணினியிடம் கொஞ்சம் இடம் கேட்டு வாங்குகிறது. பார்த்து முடித்ததும் அந்த இடத்தைத் திருப்பித் தர வேண்டும். நூடுல்ஸ் கடையில் தின்று முடித்த கிண்ணத்தை எவனாவது திருப்பித் தராமல் அடுக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் கடையில் கிண்ணமே இருக்காது, கடை நின்றுவிடும். அதுதான் நடக்கிறது. கணினியே கடைசியில், மணி எதுவும் குறிக்காமல், 'நினைவகம் தீர்ந்தது' என்று எழுதி வைத்துவிட்டுச் சாகிறது.

நோய் தெரிந்தும் இடம் தெரியவில்லை. அதுதான் என்னைப் பைத்தியமாக்கியது. நிமிடத்துக்கு ஒருமுறை நினைவக அளவைக் குறித்து வைக்கும்படி நிரலில் எழுதியிருந்தேன். காலை எட்டிலிருந்து அந்த எண் அசையாமல் நிற்கும். பத்து மணிக்கும் அதே எண். பன்னிரண்டுக்கு வரிசையை நிறுத்திச் சாப்பிடப் போவார்கள், அப்போதும் அதே எண். பன்னிரண்டரைக்குக் கடைசி வரி. அதற்குப் பிறகு வெறுமை. ஒரு துளிகூடக் கசியாத குழாய், அடுத்த நிமிடம் வீட்டையே மூழ்கடித்துவிட்டது என்றால் எப்படி நம்புவது?

பன்னிரண்டரை என்பது மதியத் தூக்கத்தின் நேரம். ஆச்சின் அக்கா பெரிய பலகைக்குப் போய் மொத்த ஸ்விட்சையும் கீழே தள்ளுவார். ஈ வரக்கூடாது என்று ஜன்னலே வைக்காமல் கட்டிய கூடம், அதனால் கண் முன்னால் விரலை நீட்டினால் விரல் தெரியாது. கணினிக்கு மட்டும் தனி மின்கம்பி. முதலில் மின்சாரத்தைத்தான் சந்தேகப்பட்டேன். விளக்கு அணையும்போது ஏதோ குலுக்கல் என்று நினைத்துப் பெரிய பேட்டரி ஒன்றைத் தூக்கி வந்து இணைத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. மறுநாளும் செத்தது.

அப்புறம்தான் பெய்லின் மேல் வந்து நின்றேன்.

பெய்லின் என் அலுவலகத்துக்காரி, என்னோடு ஒரே மாதத்தில் சேர்ந்தவள். கேமராவிலிருந்து படத்தை வாங்கி உள்ளே தரும் பகுதி அவளுடையது. படத்தைப் பார்த்து முடிவு சொல்லும் பகுதி என்னுடையது. பதிவு செய்த வீடியோவை என் பகுதிக்குக் கொடுத்து இருபது மணி நேரம் ஓட்டினேன், எண் அசையவில்லை. பதிவு வீடியோவுக்கு அவள் பகுதி தேவையில்லை. ஆக, என் பகுதி மட்டும் ஓடினால் கசிவு இல்லை, அவள் பகுதி சேர்ந்தால் கசிவு. நான்கு கேமராவுக்கான அவளுடைய புதிய நிரலை நிறுவிய அன்றுதான் முதல் சாவும் நடந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அலுவலக மேசையில் ஒரு கேமராவை வைத்து, தட்டில் நாலு கேக்கை வைத்து, தினமும் காலையிலிருந்து மாலைவரை ஓட்டினாள். மதியம் அங்கும் விளக்கு அணையும், அப்போதும் ஓடியது. ஒருநாளும் சாகவில்லை. "இங்க நல்லா ஓடுது, ஆலையிலதான் ஏதோ இருக்கு" என்று அலுவலகத்தின் செய்திக் குழுவில் எழுதினாள். அதற்குக் கீழே, எல்லோரும் பார்க்கும்படி, நான் எழுதினேன்: 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.' பதினான்கு பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். அவளும் ஒரு கட்டைவிரலைப் போட்டாள்.

முதல் சாவிலிருந்து கணக்குப் போட்டு, ஒவ்வொரு நாளுக்கும் அவள் பெயரில் ஓர் அறிக்கை போனது. தவறு என்ன, திருத்தம் என்ன, இனி எப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வது. என்ன தவறு என்றே தெரியாமல் எட்டு அறிக்கை எழுதினாள். எட்டு முறை நிரலைத் திருத்தினாள். ஒருமுறை எங்கள் மேனேஜர் ஷாவ் அவளை ஆலைக்கே கூட்டி வந்து துவான் முதலாளி முன்னால் இடுப்பை வளைத்து மன்னிப்புக் கேட்க வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். பாவமாக இருந்தது என்று சொன்னால் பொய். எரிச்சலாக இருந்தது. என் வேலையைக் கெடுக்கிறாளே என்று மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

அந்த எட்டாவது நாள் சாயங்காலம் ஷாவ் போன் செய்தார்.

"ஆஹெங், நாளைக்கு ஒரு நாள்தான். நாளைக்கும் நின்னுச்சுன்னா பெய்லினை இந்த வேலையிலருந்து எடுத்துடறேன். துவான் முதலாளி முன்னாடியே சொல்லிடலாம், அஞ்சே காலுக்கு வரேன்."

"எடுத்துட்டு?"

"கையேடு எழுதற பிரிவுக்கு அனுப்பலாம்னு இருக்கேன். கோட் எழுத வேணாம். அவளுக்கும் நிம்மதி."

கையேடு பிரிவுக்குப் போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. ஆறு வருடம் கோட் எழுதியவளை 'இந்தப் பொத்தானை அழுத்தவும்' என்று எழுத வைப்பது. சரிதான் மேனேஜர் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அன்றிரவு நன்றாகத்தான் தூங்கினேன்.

மறுநாள் காலை ஏழரைக்கு அவள் ஸ்கூட்டரில் ஆலைக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். கையில் பென்டிரைவ். ஒன்றும் பேசாமல் தன் பகுதியை நிறுவினாள்.

"இதுல என்ன மாத்தியிருக்க?" என்றேன்.

"ஓடுதான்னு பாப்போம்." திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "ஆஹெங், ஒண்ணு கேக்கறேன். அது சாகறப்போ நீ எங்க இருக்க?"

"எங்க இருப்பேன்? கட்டில்ல."

"எட்டு நாளும்?"

"எல்லாரும் தூங்கறப்போ நான் மட்டும் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு என்ன பண்றது? திரை வெளிச்சம் கண்ணுல பட்டாலே ஆச்சின் அக்கா செருப்பால அடிப்பாங்க. தூங்கறதுக்கு முன்னாடி திரையை அணைக்கணும்னு சட்டம்."

"ஒரு நாளாவது பக்கத்துல உக்காந்து பாத்திருக்கலாம் இல்ல?"

"எழுதினவ நீ, உக்காந்து பாக்கறவன் நானா?"

அவள் திரும்பினாள். "என்னைத்தான் உள்ள விட மாட்டேன்னு முதலாளி சொல்லிட்டாரே. காலையில போட்டுட்டுக் கிளம்பணும்னு. இன்னைக்கு ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம். கெஞ்சிக் கேக்கறேன்னு வெச்சுக்கோ."

ஷாவ் சொன்னது அவளுக்குத் தெரியும் என்பது அந்தக் குரலில் தெரிந்தது. சரி சரி, பார்க்கிறேன் என்று சலித்துக்கொண்டேன். அவள் போய்விட்டாள்.

காலை முழுக்க எண் அசையவில்லை, வழக்கம்போல. பன்னிரண்டுக்குச் சாப்பாட்டுப் பெட்டி வந்தது. வறுத்த பன்றிக் கறி, முட்டை, கொஞ்சம் கீரை. ஆச்சின் அக்காவிடம் போய்த் தலையைச் சொறிந்தேன்.

"இன்னைக்கு நான் திரையை அணைக்காம உக்காந்து பாக்கணும்க்கா."

"கூடாது."

"மழைச்சட்டையப் போத்திக்கறேன். ஒரு பொட்டு வெளிச்சம் வெளிய வராது."

"வந்துச்சுன்னா?"

"செருப்பால அடிங்க."

"செருப்பு ஆலைக்குள்ள கொண்டுவரக் கூடாது. பூட்ஸ்தான்." யோசித்தார். "பூட்ஸாலயே அடிப்பேன். போ."

பன்னிரண்டரைக்கு விளக்கு அணைந்தது. இருபத்திரண்டு பெண்கள் மடக்குக் கட்டில்களில் சாயும் சத்தம். ஸ்கூட்டரில் போகும்போது போடும் ரப்பர் மழைச்சட்டையைத் தலையோடும் திரையோடும் சேர்த்துப் போர்த்திக்கொண்டேன். உள்ளே வேகவைத்த ரொட்டியைப் போல அவிந்தேன். மூக்கு நுனியிலிருந்து வியர்வை விசைப்பலகையில் சொட்டியது. ஒரு பக்கம் பதிவு வரிகள், இன்னொரு பக்கம் கணினியின் நினைவக எண்.

பதிவு பன்னிரண்டரையோடு நின்றது. செத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அம்பு அசைந்தது. மவுஸைத் திரும்பவும் நகர்த்தினேன், அசைந்தது. நினைவக எண்ணைப் பார்த்தேன். ஏறிக்கொண்டிருந்தது. நொடிக்கு இரண்டு மெகாபைட். இரண்டு, இன்னும் இரண்டு, இன்னும் இரண்டு.

அது பன்னிரண்டரைக்குச் சாகவே இல்லை. எட்டு நாளும் சாகவில்லை. எழுதுவதை மட்டும் நிறுத்திவிட்டு, நாங்கள் எல்லோரும் குறட்டை விட்ட நேரத்தில், இருட்டில் உட்கார்ந்து தின்றிருக்கிறது. இந்த வேகத்தில் முக்கால் மணி நேரத்தில் வயிறு முட்டிச் செத்திருக்கிறது. ஒன்றரைக்கு நாங்கள் எழுந்து பிணத்தைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டரைக்கே செத்தது என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மாட்டினாள், கையும் களவுமாக மாட்டினாள் என்று நினைத்தேன். அதுதான் உண்மை, மறைத்துப் பயனில்லை. போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தேன், ஷாவுக்கு அனுப்புவதற்காக.

அப்போது யாரோ ஒரு பெண் கழிப்பறைக்கு எழுந்தாள். போன் விளக்கைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பட்டையைத் தாண்டும்போது காலில் ஏதோ தட்ட, விளக்கைத் தூக்கிப் பட்டைமேல் அடித்து ஒரு கணம் நின்று பார்த்தாள். மழைச்சட்டையின் ஓரத்தில் அந்த வெளிச்சம் எனக்கும் தெரிந்தது.

எண் நின்றது. நாலைந்து நொடி, அப்படியே நின்றது. அவள் நகர்ந்தாள், இருட்டு வந்தது, எண் மறுபடி ஏறத் தொடங்கியது.

அவள் திரும்பி வரும்வரை காத்திருந்தேன். மழைச்சட்டையிலிருந்து தலையை நீட்டி, "தங்கச்சி, அந்தப் பட்டை மேல ஒரு தடவை விளக்கை அடிச்சுட்டுப் போயேன்" என்று கிசுகிசுத்தேன். அவள் 'ஐயோ' என்று அலறாத குறை. ஆனால் அடித்தாள். எண் நின்றது. போனாள். ஏறியது.

வெளிச்சத்தில் நிற்கிறது, இருட்டில் ஏறுகிறது. பெய்லினின் பகுதிக்கு வெளிச்சமும் இருட்டும் ஒன்றுதான், கேமரா தருவதை அது வாங்கித் தரும், அவ்வளவுதான். படம் இருட்டாக இருக்கிறதா என்று பார்ப்பது நிரலில் ஒரே ஓர் இடம். அந்த இடத்தை எழுதியவனை எனக்கு நன்றாகத் தெரியும்.

என் பகுதியைத் திரையில் திறந்தேன்.

முதல் முறையாக முழு நாள் ஓட்டிப் பார்த்த அன்று, மதியம் விளக்கு அணைந்ததும், கறுத்துப்போன படத்தைப் பார்த்து என் நிரல் 'கருகிய கேக்! கருகிய கேக்!' என்று மணியடித்து ஊரைக் கூட்டியது. இருபத்திரண்டு பெண்களும் எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டினார்கள். "அதை ஊமையாக்கு, இல்லாட்டி நான் ஆக்கறேன்" என்றார் ஆச்சின் அக்கா. நின்ற நிலையிலேயே, ஒரு கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு, நாலு வரி எழுதினேன். படத்தின் சின்னச் சாம்பல் நகல் ஒன்றை எடு. ரொம்ப இருட்டா என்று பார். இருட்டென்றால் ஒன்றும் செய்யாமல் அடுத்த படத்துக்குப் போ. நகலைத் திருப்பித் தரும் வரியும் அளவைக் குறிக்கும் வரியும் அதற்குக் கீழே இருந்தன. இருட்டில் நிரல் அவற்றைத் தொடாமலேயே தாண்டிப் போனது. நொடிக்கு ஏழு கிண்ணம், ஒன்றைக்கூடத் திருப்பித் தரவில்லை. மாற்றத்துக்கு 'மணிச் சத்தம் சரிசெய்யப்பட்டது' என்று பெயர் வைத்துச் சேமித்தேன்; அன்று விளக்கு எரிந்த பிறகுதான் நிரலை மறுபடி கிளப்பினேன். அந்தத் தலைப்பைப் பார்த்து யார் உள்ளே போய்த் தேடுவார்கள்? நானே மறந்துவிட்டேன்.

மறுநாள்தான் பெய்லினின் புதிய கோட் வந்தது. பழி போட ஆள் கிடைத்துவிட்டது, என் முதுகை நான் எதற்குத் திரும்பிப் பார்க்கப் போகிறேன்?

திருத்துவதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு வரியை மேலே தூக்கி வைத்தேன். நிரலை நிறுத்தி மறுபடி கிளப்பினேன். எண் இருட்டிலும் அசையாமல் நின்றது. மணி ஒன்று ஐந்து.

மீதி இருபத்தைந்து நிமிடம் அந்தச் சட்டைக்குள்ளேயே உட்கார்ந்து யோசித்தேன். யோசித்தது நல்லதல்ல. இன்று காலை பெய்லின் ஏதோ புதிதாக நிறுவியிருக்கிறாள். இன்று ஓடிவிட்டது. எல்லோரும் என்ன நினைப்பார்கள்? பெய்லின் ஒருவழியாகச் சரிசெய்துவிட்டாள் என்று நினைப்பார்கள். அவள் வேலையும் பிழைக்கும், என் பெயரும் பிழைக்கும். யாருக்கு நஷ்டம்? எட்டு அறிக்கை அவள் பெயரில் இருக்கிறது, போனது போகட்டும், கடைசியில் நல்ல பெயர்தானே? பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனுக்கு எப்போதும் பூசணிக்காய் சின்னதாகத்தான் தெரியும்.

ஷாவுக்கு அனுப்ப எடுத்த படத்தை அழித்தேன்.

ஒன்றரைக்கு விளக்கு எரிந்தது. மவுஸை அசைத்தேன், அம்பு ஓடியது. வரிசை நகர்ந்தது, கருகிய கேக் ஒன்று 'புஸ்' என்று பறந்து கூடையில் விழுந்தது. பெண்கள் கைதட்டினார்கள். ஆச்சின் அக்கா பச்சைப் பொட்டலத்தைத் தட்டிக் கொடுத்தார்.

ஐந்தே காலுக்கு ஆலையின் சின்ன அறையில் உட்கார்ந்தோம். துவான் முதலாளி ஊலாங் தேநீர் ஊற்றினார். தட்டில், என் நிரல் கழித்துக் கட்டிய ஓரம் கருகிய கேக்குகள். அவர் வீணாக்க மாட்டார். ஒரு பக்கம் ஷாவ், அவர் பக்கத்தில் பெய்லின். முதுகை நேராக வைத்து, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கடைசியாக ஒருமுறை திட்டு வாங்க வந்தவள் அப்படித்தான் உட்காருவாள்.

"ஓடிடுச்சு!" என்றார் ஷாவ். முகமெல்லாம் சிரிப்பு. "எட்டுலருந்து அஞ்சு. முதலாளி, எங்க பெய்லின் கடைசியில பிடிச்சிட்டா."

"தப்பு பண்றது பெருசில்ல. விடாம திருத்தினா பாருங்க, அதுதான்" என்றார் துவான். கேக் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடும்மா. கொஞ்சம் கருகினதுதான் ருசி."

"பெய்லின், இத்தனை நாள் பொறுத்துக்கிட்டதுக்கு முதலாளிக்கு நன்றி சொல்லு" என்றார் ஷாவ். "அப்படியே எங்க தப்பு இருந்துச்சுன்னு ரெண்டு வார்த்தை சொல்லிடு. அறிக்கையில போட்டுடலாம்."

நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவுதான், முடிந்தது, அவள் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும்.

"தெரியல மேனேஜர்" என்றாள் பெய்லின்.

"தெரியலன்னா?"

"இன்னைக்குக் காலையில நான் போட்டது, முதல் நாள் போட்ட அதே கோட். ஒரு எழுத்துகூட மாத்தல." மெதுவாகத்தான் பேசினாள். "எட்டு தடவை தேடினேன், என் பக்கம் ஒரு தப்பும் கிடைக்கல. இல்லாத தப்பை ஒன்பதாவது தடவை திருத்த மனசு வரல. எப்படியும் எடுக்கத்தான் போறீங்க. போறதுக்கு முன்னாடி என்னோடது எப்படி இருந்துச்சோ அப்படியே வெச்சுட்டுப் போகலாம்னு போட்டேன். நிக்கும்னுதான் நினைச்சேன். ஓடிடுச்சு."

அவள் என் பக்கம் திரும்பினாள். கண்ணில் குற்றம் சாட்டும் பார்வை இல்லை. கணக்கு விடை வராத ஒருத்தி, விடை தெரிந்திருக்கக்கூடியவனிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

"ஆஹெங், நீ பக்கத்துல உக்காந்திருந்த இல்ல? ஏன் ஓடுச்சு?"

இன்னொரு பொய் சொல்ல நேரம் இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. 'இயந்திரம்தானே, சில சமயம் அப்படித்தான்' என்று. ஆனால் என்னை நம்பிக் கேட்ட அந்த முகத்துக்கு நேராக அதைச் சொல்லும் அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை, அல்லது தைரியம் வரவில்லை. எதுவென்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

"நான்தான்" என்றேன். "மணிச் சத்தத்தை நிறுத்த நான் எழுதின நாலு வரி. இருட்டா இருந்தா படத்தைத் தாண்டிப் போறது. திருப்பித் தர வேண்டியதைத் திருப்பித் தராம தாண்டிப் போயிருக்கு. இன்னைக்கு ஒரு மணிக்கு மேலதான் கண்டுபிடிச்சேன். திருத்தி, நிறுத்திக் கிளப்பினேன். அதனால கைபடாம ஓடினதாவும் சொல்ல முடியாது, முதலாளி. பெய்லின் கோட்ல முதல் நாள்லருந்தே ஒண்ணும் இல்ல."

ஷாவின் சிரிப்பு அப்படியே முகத்தில் மறந்துபோய்க் கிடந்தது. துவான் முதலாளி கதவு பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "ஆச்சின்! மணியை நிறுத்தச் சொன்னியா இவன்கிட்ட?"

"சொன்னேன்" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. "மதியம் தூங்கற நேரத்துல அது கத்துச்சு. சொல்லாம என்ன பண்றது?"

துவான் தலையை ஆட்டினார். "நியாயம்தான்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒரு மணிக்குக் கண்டுபிடிச்சே. இப்ப அஞ்சரை." தேநீர்க் குடுவையை எடுத்து என் கோப்பையை நிரப்பினார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

வாகனம் நிறுத்தும் இடத்தில் அவளைப் பிடித்தேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். எட்டு அறிக்கையையும் என் பெயரில் திருப்பி எழுதுகிறேன் என்றேன். குழுவிலும் எழுதுகிறேன் என்றேன். எல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"கூடம் கோணலாத்தான் இருந்திருக்கு" என்றாள்.

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஒண்ணு மட்டும் புரியல பெய்லின்" என்றேன். "என் நாலு வரி உன் ஆபீஸ் கணினியிலயும் இருந்துச்சு. மத்தியானம் அங்கயும் விளக்கு அணையும். அங்க ஏன் சாகல?"

அவள் சாவியைத் திருகப் போனவள் நிறுத்தினாள். யோசித்தாள். அவள் முகத்தில் அது வந்து சேர்வதை நான் பார்த்தேன்.

"எல்லாரும் தூங்குவாங்க. நான் தப்பைத் தேடிக்கிட்டு இருப்பேன்" என்றாள். "மேசை விளக்கைப் போட்டுக்கிட்டு. கேமராவும் கேக் தட்டும் அந்த விளக்குக்குக் கீழதான் இருக்கும்." ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே இறக்கினாள். "எட்டு மத்தியானம். ஒரு நாள் உன்னை மாதிரி விளக்கை அணைச்சுட்டுப் படுத்துத் தூங்கியிருந்தா, அங்கயும் செத்திருக்கும், அன்னைக்கே உன்னைப் பிடிச்சிருப்பேன்."

ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். நான் உள்ளே போய் முதல் அறிக்கையை எழுத உட்கார்ந்தேன்.